வளையச் சோதனையின் விடை தொண்ணூற்றிரண்டு

இயற்பியல் ஆய்வகத்தில் செய்முறைப் பயிற்றுநராக இவ்வாண்டு அடியெடுத்து வைத்திருக்கும் இளம் நண்பர்களே, உங்களுக்கு அறிவுரை கூற எனக்கு ஒரு தகுதி உண்டு. இத்தொழிலில் செய்யத்தக்க பிழைகளுள் பெரும்பாலானவற்றை நானே முன்னின்று செய்து முடித்துவிட்டேன். உங்களுக்கென்று மிச்சம் வைத்திருப்பவை மிகச் சிலவே. அவற்றையும் நீங்கள் விரைவில் கண்டடைவீர்கள் என்று உங்கள் முகங்களைப் பார்க்கும்போது நம்பிக்கை பிறக்கிறது.

நான் சொல்லப்போவது ஐம்பதுகளில் நிகழ்ந்தது. திருச்சிராப்பள்ளியில் ஒரு கல்லூரியில் பயிற்றுநராகச் சேர்ந்து எனக்கு இரண்டாம் ஆண்டு. வீடு திருவரங்கத்தில். நாள்தோறும் காலையில் நகரப் பேருந்தில் ஏறிக் காவிரிப் பாலத்தைக் கடந்து வருவேன். அகவை இருபத்து மூன்று. வேட்டியின் மடிப்பும் பேச்சின் மடிப்பும் கலையாமல் பார்த்துக்கொள்வதில் அந்நாளில் எனக்கு ஒரு பெருமிதம். மாணாக்கர் ‘லென்ஸ்’ என்பர். நான் ‘வில்லை’ என்பேன். “சார் தும்முனாகூட இலக்கணப்படிதான் தும்முவாரு” என்று பின்வரிசையில் பேசிக்கொண்டது என் செவிக்கு எட்டியது. அதைப் பாராட்டென்றே எடுத்துக்கொண்டேன்.

வளையச் சோதனையை நீங்கள் அறிவீர்கள். எனினும் அறிந்ததாக நினைத்துக்கொண்டிருப்பதும் ஒரு பிழை என்பதால் சுருங்கச் சொல்கிறேன். தட்டையான கண்ணாடிப் பலகைமேல், வளைந்த பக்கம் கீழே இருக்குமாறு ஒரு வில்லையை வைக்கிறோம். இரண்டும் நடுவில் மட்டும் தொட்டுக்கொள்கின்றன. விளிம்பை நோக்கிச் செல்லச் செல்ல இடையிலுள்ள காற்றின் தடிப்பு மெல்ல மிகுகிறது. மேலிருந்து சோடிய விளக்கின் மஞ்சள் ஒளியைச் செலுத்தினால், ஒரு பகுதி வில்லையின் அடிப்பரப்பிலும் மற்றொரு பகுதி பலகையின் மேற்பரப்பிலும் பட்டுத் திரும்பி, இரண்டும் ஒன்றையொன்று சந்திக்கின்றன. ஊஞ்சலை இருவர் ஒரே கணத்தில் ஒரே பக்கம் தள்ளினால் அது ஓங்கி ஆடும்; ஒருவர் தள்ளும்போது மற்றவர் இழுத்தால் நின்றுவிடும். ஒளியலைகளும் அவ்வாறே. ஒத்துப்போகும் இடத்தில் வெளிச்சம்; முரணும் இடத்தில் இருள். நுண்ணோக்கியில் கண்ணை வைத்தால் மஞ்சளும் கறுப்பும் மாறிமாறி வளையத்துக்குள் வளையமாய் விரிந்திருக்கும். அவற்றின் விட்டத்தை அளந்து கணக்கிட்டால், அந்த வில்லை எவ்வளவு பெரிய கோளத்தின் துண்டு என்பது தெரியும். அந்தக் கோளத்தின் ஆரமே விடை.

எங்கள் ஆய்வக வில்லைக்கு விடை தொண்ணூற்றிரண்டு செண்டிமீட்டர்.

இந்த எண்ணைக் கல்லூரி விடுதியில் அறியாதவர் இல்லை. மூத்த மாணாக்கர் இளைய மாணாக்கருக்குச் சொல்லிவிட்டுப் போயினர்; அவர் தமக்கு அடுத்தவருக்குச் சொல்லினர். நானும் அதே கல்லூரியில் பயின்றவன். எனக்கும் ஒருவர் சொன்னார். வளையங்களை அளப்பது கண்ணுக்கும் கழுத்துக்கும் துன்பமான வேலை. ஆகவே கெட்டிக்கார மாணாக்கர் முதலில் தொண்ணூற்றிரண்டை எழுதிக்கொண்டு, அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு, வளையங்களின் விட்டம் எவ்வளவு இருந்திருக்க வேண்டுமோ அவ்வளவை ஏட்டில் நிரப்புவர். சில அளவுகளில் சிறிய பிழையையும் வேண்டுமென்றே சேர்ப்பர், உண்மைபோல் தோன்றுவதற்காக. இக்கலையில் நான் பெற்றிருந்த தேர்ச்சியை இங்கே விரிக்கப்போவதில்லை.

அவ்வாண்டுப் பல்கலைக்கழகச் செய்முறைத் தேர்வுக்கு முந்தைய மாலை, துறைத்தலைவர் நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு, “நடுவுல என்ன வெள்ளையா ஒரு புள்ளி? கறுப்பா இல்ல இருக்கணும்? தூசி. தொடைச்சு வைங்க” என்றார். வில்லையைத் துடைத்தேன். கையோடு, அவ்வாண்டுத் தேர்வில் இடம்பெறாத மற்றொரு சோதனைக்குரிய வில்லையும் தூசியாக இருந்ததால் அதையும் துடைத்தேன். இரண்டையும் ஒரே துணிமேல் உலர வைத்துவிட்டு, உலர்ந்ததும் பெட்டிகளில் இட்டேன். இரண்டும் உருவத்தில் இரட்டைப் பிள்ளைகள். திரும்பவும் கருவியில் பொருத்திப் பார்த்தபோது நடுப்புள்ளி மைபோல் கறுத்திருந்தது. என் துடைக்கும் திறத்தை நானே வியந்தவனாகப் பேருந்துக்குப் புறப்பட்டேன்.

தேர்வு இரண்டு நாள், நான்கு பிரிவு. பிரிவுக்கு ஒருவராகச் சீட்டெடுத்து, நால்வருக்கு வளையச் சோதனை வாய்த்தது. வெளியூரிலிருந்து வந்திருந்த புறத்தேர்வாளரிடம் வழக்கம்போல் விடைப்பட்டியலைக் கையொப்பமிட்டுக் கொடுத்திருந்தேன். முதல் மூவரும் தொண்ணூற்றிரண்டைச் சுற்றியே விடை எழுதினர். “உங்க பசங்க கை ரொம்ப சுத்தம்” என்று புறத்தேர்வாளர் மகிழ்ந்தார். நானும் தன்னடக்கத்தோடு தலை குனிந்தேன்.

நான்காமவர் கலியமூர்த்தி. லால்குடிப் பக்கத்து உழவர் குடும்பம். காலை வண்டியில் வந்து மாலை வண்டியில் திரும்புபவர். விடுதியின் வாயிற்படியை மிதித்தறியாதவர். ஆகவே அங்கே காற்றில் உலவிய எண்ணும் அவர் காதில் விழுந்ததில்லை. ‘இந்த வருசம் தேறலைன்னா வயலுக்கு வந்துரு’ என்று அவருடைய தந்தை சொல்லியிருந்ததை வகுப்பில் எல்லோரும் அறிவோம். முந்தைய ஆண்டு காய்ச்சலில் ஒரு தேர்வைத் தவறவிட்டவர்; செய்முறையில் தவறினால் மேலும் ஓராண்டு போகும். தந்தை அதைப் பொறுக்கமாட்டார்.

அவர் கொண்டுவந்த ஏட்டில் விடை நூற்றுப் பதினெட்டு என்றிருந்தது.

புறத்தேர்வாளர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக நோக்கினார். “என்னப்பா இது? கணக்கை இன்னொரு தடவை போடு.”

கலியமூர்த்தி போய்ப் பத்து நிமிடத்தில் திரும்பினார். “அதேதாங்க சார் வருது.”

“அப்போ ரீடிங் தப்பு.”

“மூணு தடவ பாத்தேங்க சார். வளையம் அப்படித்தாங்க இருக்கு.”

“வளையம் அப்படித்தான் இருக்கா! நீ சொன்னா வளையம் கேட்டுக்குமா?”

அப்போது, புறத்தேர்வாளரின் மகிழ்ச்சியில் எனக்கும் ஒரு பங்கு வேண்டுமென்று விரும்பி, நான் ஒன்று சொன்னேன்: “லால்குடி வண்டியின் ஆட்டம் இன்னும் கண்ணைவிட்டு நீங்கவில்லை போலும்.” இருவரும் சிரித்தோம். கலியமூர்த்தி சிரிக்கவில்லை. ஏட்டை மேசைமேல் நேராக வைத்துவிட்டு, வணங்கிவிட்டுப் போனார். அவருடைய பெயருக்கு நேரே விழுந்த மதிப்பெண், தேறுவதற்குரிய எல்லைக்குக் கீழே இருந்தது. தலைகீழாகப் பார்த்தும் எனக்கு அது தெளிவாகத் தெரிந்தது.

நான்கு மணிக்குக் கருவிகளைக் கழற்றி அடுக்கினேன். வளைய வில்லையைப் பெட்டியில் இடும்போது விரல் அதன் விளிம்பில் சுற்றிவந்தது. தொண்ணூற்றிரண்டின் விளிம்பில் நெல்முனை அளவுக்கு ஓர் உடைசல் உண்டு. என் மாணாக்கப் பருவத்திலேயே என் விரலுக்குப் பழக்கமானது. கையிலிருந்த வில்லையின் விளிம்போ வழவழவென்று முழுமையாக இருந்தது. மற்றொரு பெட்டியைத் திறந்தேன். உடைசல் அதற்குள் இருந்தது.

நண்பர்களே, அக்கணத்தில் எனக்குத் தோன்றிய முதல் எண்ணத்தை ஒளிக்காமல் சொல்கிறேன்: இரண்டு வில்லைகளையும் இடம் மாற்றி வைத்துவிட்டால் உலகம் பழையபடி ஆகிவிடும். எவருக்கும் தெரியாது. எனக்கு இன்னும் பணி நிலைப்படவில்லை. அதற்குரிய தாள்கள் துறைத்தலைவர் மேசையில் இருந்தன. அரை மணிநேரம் இந்த எண்ணத்தோடு அலமாரியின் முன் நின்றேன். இரண்டாம் எண்ணம் அதைவிடக் கோழைத்தனமானது: துறைத்தலைவரிடம் சொல்லிவிட்டு, பொறுப்பை அவர் தலையில் ஏற்றிவிடுவது. அதைச் செய்தேன்.

அவர் முழுதும் கேட்டார். பிறகு சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். “பட்டியல்ல கையெழுத்து யாருது?”

“என்னுடையது.”

“அப்ப சொல்றதும் நீங்கதான் சொல்லணும். அவரு நாளைக்குக் காலைல ஒன்பது மணிக்கு வந்து மார்க் லிஸ்ட்டுக்கு அரக்கு முத்திரை வைக்கப்போறாரு. வெச்சுட்டா நானும் ஒண்ணும் பண்ண முடியாது, அவராலயும் முடியாது.” எழுந்து குடையை எடுத்துக்கொண்டார். “நான் எதையும் கேக்கல. காப்பி குடிக்கப் போறேன்.”

புறத்தேர்வாளர் திருவரங்கத்தில் சித்திரை வீதியில் உறவினர் வீட்டில் தங்கியிருந்தார். பேருந்து பாலத்தின்மேல் போகும்போது, சொல்ல வேண்டிய சொற்றொடர்களை வரிசைப்படுத்திக்கொண்டு வந்தேன். ஒரு சிக்கலை மட்டும் எண்ணிப் பார்க்கவில்லை. தேர்வாளர் தங்கிய வீட்டுக்கு மாலை வேளையில் ஒரு பயிற்றுநர் போய் நின்றால், அதற்கு ஊரார் அறிந்த பொருள் ஒன்றே ஒன்றுதான்.

அவர் கோயிலுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். நெற்றியில் திருமண் இன்னும் உலரவில்லை. என்னைக் கண்டதும் முகம் இறுகிற்று.

“வாரும். யாருக்காக வந்தீர்? சித்தப்பா பிள்ளையா, மச்சினனா?”

“எவருக்காகவும் அன்று, ஐயா.”

“எக்ஸாமினர் தங்கின ஆத்துக்கு டெமான்ஸ்ட்ரேட்டர் சாயங்காலம் வந்து நின்னா, அதுக்குப் பேர் க்ஷேமலாப விசாரணையா?”

“அந்த லால்குடி மாணாக்கரைப் பற்றி...”

“பாத்தீரா! ஊர் பேர் வந்துடுத்து. பையன் பேரும் ஜாதகமும் எப்போ வரும்? பகவத் சன்னிதிக்குப் போற நேரத்துல என்ன அபசாரம் இது! உம்ம தலைவருக்குத் தெரியுமோ இது?”

வரிசைப்படுத்தி வந்த சொற்றொடர்கள் யாவும் கலைந்தன. “அவர் விடை சரி, ஐயா. நான் கொடுத்த பட்டியல்தான் தவறு. வில்லையை மாற்றி வைத்துவிட்டேன்” என்று ஒரே மூச்சில் சொன்னேன்.

ஒரு காலில் செருப்பு மாட்டியிருந்தார். மறுகாலுக்குரியது வாயிலிலேயே கிடந்தது. “இன்னொரு தடவை சொல்லும்.”

துணி, தூசி, உடைசல், பெட்டி எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடித்ததும் அவர் முதலில் வினவியது இதுவே: “அப்போ மத்த மூணு பேருக்கும் நான் வாரி வாரிப் போட்டேனே?”

அம்மூவரை நான் அதுவரை நினைத்தே பார்க்கவில்லை. ஒருவரைக் காக்கப் புறப்பட்டு மூவரைக் கொண்டுவந்து அவர்முன் நிறுத்தியிருக்கிறேன் என்பது அப்போதுதான் விளங்கிற்று. அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. அவரும் ஒருகாலத்தில் மாணாக்கராக இருந்தவர்தாமே.

“காலைல ஏழரைக்கு லேபைத் திறந்து வையும். பெருமாளை சேவிச்சுட்டுத் தூங்கிட்டு வரேன். நீர் தூங்குவீரோ என்னமோ.”

மறுநாள் காலை அவர் சொன்ன முதற்சொல், “நீர் பாரும், நான் எழுதிக்கறேன்” என்பது. தேர்வில் இருந்த வில்லையையே மீண்டும் பொருத்தி, நான் கண் வைத்து அளவுகளைச் சொல்ல, அவர் தாளை மறைத்துக்கொண்டு எழுதினார். அன்றுதான், இத்தனை ஆண்டுகளில் முதன்முறையாக, என்ன அளவு வரவேண்டும் என்ற நினைப்பு நடுவில் வந்து நில்லாமல் அவ்வளையங்களைப் பார்த்தேன் என்பதை உங்களிடம் ஒப்புக்கொள்கிறேன். வெளிப்புறம் போகப்போக அவை நெருங்குவதும், பலகையை விரல்நுனியால் அழுத்தினால் வளையங்கள் அனைத்தும் ஒருங்கே அசைவதும், ஒரு மயிரிழையின் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத காற்றிடைவெளியை இருளும் வெளிச்சமுமாக ஒளி எண்ணிக்காட்டுவதும்... பாடமாக நூறுமுறை சொல்லியவன் நான். பார்த்ததோ அன்றுதான். பதினைந்தாம் வளையத்தில் எண்ணிக்கை தவறி முதலிலிருந்து தொடங்கினேன்.

அவர் கணக்கிட்டு முடித்துத் தாளைத் திருப்பிக் காட்டினார். நூற்றுப் பதினேழரை.

“நீர் எங்கே வாசிச்சீர்?”

“இக்கல்லூரியில்தான்.”

“இந்த எக்ஸ்பெரிமெண்ட் பண்ணினதுண்டா?”

“உண்டு.”

“எவ்வளவு வந்தது?”

“தொண்ணூற்றிரண்டு.”

“வந்ததா, வரவழைச்சீரா?”

இதற்குத் தூய தமிழில் விடை எதுவும் எனக்குக் கிட்டவில்லை. கொச்சையிலும் கிட்டவில்லை.

அவர் கலியமூர்த்தியின் பழைய மதிப்பெண்ணை அடித்துவிட்டுப் புதியதை எழுதினார். மற்ற மூவரின் ஏடுகளையும் எடுத்து, கருவியை அமைத்ததற்கும் வரைபடத்துக்கும் உரிய மதிப்பெண்ணை விட்டுவைத்து, அளவுகளுக்குக் கொடுத்ததை முழுதும் நீக்கினார். “எல்லாரும் கரையேறிடுவா. ஆனா கொஞ்சம் தண்ணி குடிச்சுட்டுதான் ஏறணும்” என்றார். பிறகு மதிப்பெண் பட்டியலை என் பக்கம் நகர்த்தினார். “அடிச்ச இடத்துக்குக் காரணம் எழுதணும். நான் எழுதினா அது என் தப்பாயிடும். நீர் எழுதும்.” வில்லை இடம் மாறியது என் கவனக்குறைவால் என்று எழுதிக் கையொப்பமிட்டேன். அரக்கு உருகிற்று, முத்திரை விழுந்தது. அக்கையொப்பத்தால் எனக்குப் பணி நிலைப்படும் ஆணை ஓராண்டு தள்ளி வந்தது. கலியமூர்த்திக்குப் போகவேண்டிய ஓராண்டு எனக்குப் போயிற்று. முறையான இடத்துக்கே போயிற்று.

வில்லைகளை அவற்றுக்குரிய பெட்டிகளில் வைத்து, பெட்டிமேல் புதுச்சீட்டு ஒட்டி, நெஞ்சு நிமிர்ந்து வீடு திரும்பினேன். நீங்களும் ஒருநாள் பிழை செய்வீர்கள். அதை மேலிடத்தில் துணிந்து சொல்லவும் செய்வீர்கள். உங்களைப் பற்றி எனக்கு அவ்வளவு நல்லெண்ணம் உண்டு. ஆனால் சொல்லிக் கையொப்பமிட்டதும் உள்ளத்தில் ஓர் இனிமை பரவும் பாருங்கள், அப்போது விழிப்பாயிருங்கள். யாருக்குச் சொன்னோம் என்பதில் மயங்கி, யாருக்குச் சொல்லவில்லை என்பது மறந்துபோகும்.

மூன்று நாள் கழித்துப் பிற்பகல் இரண்டு மணிக்குக் கலியமூர்த்தி ஆய்வக வாயிலில் வந்து நின்றார்.

“வணக்கங்க சார். ஒரு தடவ வளையத்தப் பாத்துட்டுப் போலாங்களா?”

“தேர்வு முடிந்துவிட்டதே. இனி எதற்கு?”

“அவங்க மூணு பேரும் தொண்ணூத்திரண்டுன்னு பஸ் ஸ்டாண்டுல பேசிக்கிட்டாங்க. நான் எங்க தப்புனேன்னு தெரிஞ்சா மனசு ஆறிடுங்க சார்.”

மதிப்பெண்ணை வெளியிடுவது விதிக்குப் புறம்பு. அதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் பார்த்துவிட்டுப் போவதில் என்ன கேடு? பரந்த மனத்தோடு நானே பெட்டியைத் திறந்து, வில்லையைப் பொருத்தி, விளக்கை ஏற்றிக் கொடுத்துவிட்டு, என் மேசையில் ஏடு திருத்தப்போனேன்.

ஏறக்குறைய இரண்டு மணிநேரம் அவர் தலை நிமிரவில்லை. பிறகு தாளோடு வந்தார். முகம் சிறுத்திருந்தது.

“தொண்ணூத்தொண்ணரை வருதுங்க சார். என் கண்ணுதாங்க சரியில்ல. மூணு தடவ பாத்தும் அன்னிக்குத் தப்பாத் தெரிஞ்சிருக்குன்னா, இனிமே எதப் பாத்தாலும் என்னால நம்ப முடியாதுங்க. அப்பா உளுந்து எடுக்க ஆளில்லன்னு சொல்லிட்டிருக்காரு. ரிசல்ட்டுக்குக் காத்திருக்க வேணாம், வந்துடுறேன்னு சொல்லிடப் போறேங்க.”

அப்போதுதான் நான் செய்த வேலை எனக்கு உறைத்தது. சரியான வில்லையைச் சரியான பெட்டியில் வைத்ததனாலேயே ஒரு நேர்மையான கண்ணைப் பொய்யாக்கிவிட்டேன். விதி மதிப்பெண்ணைத்தான் மறைக்கச் சொல்கிறது; என் மடமையை மறைக்கச் சொல்லவில்லை.

“கலியமூர்த்தி, தேர்வில் நீ பார்த்தது இந்த வில்லை அன்று.” மற்றொரு பெட்டியைத் திறந்து வழவழப்பான விளிம்பைக் காட்டினேன். துடைத்தேன், மாற்றி வைத்தேன், கவனிக்கவில்லை என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். “மூன்று நாளுக்கு முன் இதை அளந்து பார்த்தேன். எனக்கு வந்தது நூற்றுப் பதினேழரை.”

அவர் இரண்டு வில்லைகளையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “அப்ப அன்னிக்கு எனக்கு வந்தது சரிங்களா சார்?”

“மிகச் சரி. உன் கண்ணில் ஒரு குறையும் இல்லை.”

“சிரிச்சீங்களே சார்.”

“சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது. அதற்காக வருந்துகிறேன்.”

அவர் தலையசைத்தார். மகிழ்வார் என்று எதிர்பார்த்தேன். அவரோ, நுண்ணோக்கியின் கோடு வளையத்தின்மேல் சரியாகப் பொருந்துகிறதா என்று பார்க்கும்போது முகத்தை எப்படி வைத்துக்கொள்வாரோ அப்படியே வைத்துக்கொண்டு, பெட்டிகளை மாறிமாறிப் பார்த்தார். தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார், மீண்டும் எடுத்தார்.

“சார், தப்பா நெனச்சுக்காதீங்க, ஒண்ணு கேக்கலாங்களா?”

“கேள்.”

“இந்தத் தொண்ணூத்திரண்டு லென்ஸு அந்த ரெண்டு நாளும் பெட்டிக்குள்ளயே இருந்துச்சுங்கறீங்க. மேசைல இருந்தது அதுங்கறீங்க. அப்ப அவங்க மூணு பேருக்கும் தொண்ணூத்திரண்டு எப்படிங்க சார் வந்துச்சு?”

சூதறியாத வினா. அக்கல்லூரியிலேயே அந்த விடையை அறியாதிருந்த ஒரே ஒருவர் எனக்கு எதிரில் நின்று, உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டார். நான் சாளரத்தின் பக்கம் முகத்தைத் திருப்பினேன். பிறகு சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தேன்.

“வண்டிக்கு நேரமாகிறது, கலியமூர்த்தி.”

“இல்லீங்க சார், அஞ்சே முக்காலுக்குத்தாங்க வண்டி. இன்னும் நேரம் இருக்குங்க” என்று சொல்லி, முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு என் எதிரில் அமர்ந்தார்.